மார்க்கமின் இரு அட்சரேகைகள்

கோலகங்சார் மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் வயதான ரப்பர் மரம் ஒன்று நிற்கிறது. பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோவ் 1877-இல் தன் மாளிகைத் தோட்டத்தில் நட்டவற்றில் மிஞ்சியது அது என்று சொல்கிறார்கள். நம் ஊர் சுங்கை சிப்புட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்ப் பார்த்துவிடலாம். அண்டார்டிக்காவில், தென் அட்சரேகை 82 பாகை 50 கலையை ஒட்டி, இரட்டைச் சிகரம் கொண்ட ஒரு மலை நிற்கிறது. உயரம் 4,350 மீட்டர். நம் கினபாலுவைவிட 250 மீட்டர் அதிகம். அதன் பெயர் மார்க்கம் மலை. மரம் இங்கே வரக் காரணமாக இருந்தவரும், மலையின் பெயருக்கு உரியவரும் ஒருவரே: கிளமென்ட்ஸ் மார்க்கம். ரப்பர் தோட்டங்களைப் பற்றி மலேசியத் தமிழர்களான நாம் இவ்வளவு எழுதியிருக்கிறோம். அதில் இந்தப் பெயர் எங்கும் தட்டுப்படாதது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

மார்க்கம் 1830-இல் பிறந்தவர். பதினான்கு வயது நிறையும் முன்பே பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தார். வடதுருவப் பனியில் காணாமல்போன பிராங்க்ளினைத் தேடிப் போன கப்பல் ஒன்றில் 1850-இல் அவரும் இருந்தார். பனியின் மீதான மோகம் அப்போது பிடித்தது, கடைசிவரை விடவில்லை. ஆனால் வயிற்றுப்பாட்டுக்கு அவர் அமர்ந்தது லண்டனில், இந்தியாவை ஆண்ட அலுவலகத்தின் ஒரு மேசையில். அந்த மேசையிலிருந்துதான் மலேரியாவுக்கு மருந்தாகும் கொய்னாவைத் தரும் சின்கோனா மரத்தைத் தென் அமெரிக்காவிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரும் திட்டம் கிளம்பியது. 1860-இல் அவரே பெருவின் மலைகளில் அலைந்து கன்றுகளைச் சேர்த்துக்கொண்டு உதகமண்டலம் வந்து சேர்ந்தார். அவர் கொண்டுவந்த கன்றுகளில் பெரும்பாலானவை செத்துப்போயின. ரிச்சர்ட் ஸ்புரூஸும் ராபர்ட் கிராஸும் ஈக்வடாரிலிருந்து அனுப்பியவையே தழைத்தன. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் வேலை செய்தவர்களில் மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து கப்பலேற்றிய சீனக் கைதிகளும் உண்டு. பினாங்கு, சிங்கப்பூர் பக்கமிருந்து நீலகிரிக்குச் சீனர்கள். பிறகு தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்குத் தமிழர்கள். ஒரு பயிர் இடம் மாறினால் அதற்கு வேண்டிய கைகளும் இடம் மாற வேண்டும் என்ற கணக்கு அப்போதே நிலைபெற்றுவிட்டது.

சின்கோனாவுக்குச் செய்ததை ரப்பருக்கும் செய்ய வேண்டும் என்பது மார்க்கமின் அடுத்த வேலை. 1870-களின் தொடக்கத்தில் ரப்பர் தரும் மரங்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதச் சொன்னார். கல்கத்தாவுக்கு அனுப்பிய முதல் கன்றுகள் பிழைக்கவில்லை. 1876-இல் ஹென்றி விக்கம் அமேசானின் கிளையான தாபஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை ஏறத்தாழ 2,700. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றிலிருந்து கோலகங்சாருக்கும் வந்தன. மலாயாவின் மரங்களுக்கு மூலம் விக்கமின் விதையா, அதே காலத்தில் அமேசானுக்குப் போன கிராஸின் கன்றா என்று இன்றும் விவாதிப்பவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பக்கம் தீர்ப்பானாலும், இருவருக்கும் பின்னால் இருந்த திட்டம் மார்க்கமுடையது.

இந்தத் திட்டத்தின் அடியில் ஓர் அட்சரேகைக் கணக்கு இருக்கிறது. தாபஜோஸ் கரை நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இரண்டு மூன்று பாகையில் இருக்கிறது. சுங்கை சிப்புட் வடக்கே 4 பாகை 49 கலையில். வெயிலும் மழையும் நாளின் நீளமும் ஏறக்குறைய ஒன்று. இந்த ஊரின் வழியாக உலகைச் சுற்றி ஒரு கோடு இழுத்தால் அது 39,900 கிலோமீட்டர் ஓடும். கிழக்கே புருணையின் தலைநகரைத் தொட்டாற்போல் போகும். மேற்கே தெற்கு சூடானின் ஜூபாவையும் நைஜீரியாவின் போர்ட் ஹார்கோர்ட்டையும் கடக்கும். ஒரு மரத்தை அதன் சொந்த ஊரிலிருந்து பெயர்த்து, அதே வெப்பப் பட்டையில் இன்னொரு கண்டத்தில் ஊன்றினால் அது பிழைக்கும். நிலப்படத்தைப் பார்த்தே இதைத் தீர்மானிக்க முடிந்தது. அந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தவர்களையோ, பின்னால் அங்கே கொண்டுவரப்படப் போகிறவர்களையோ யாரும் எதுவும் கேட்கவில்லை.

நம் அட்சரேகைக்கு இன்னொரு குணமும் உண்டு. ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இங்கே அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். குளிர்காலம் கிடையாது, வேலையை நிறுத்தச் சொல்லும் பருவம் கிடையாது. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிரும்போது பால் குறையும், அவ்வளவுதான். மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும் விடிகாலையில் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால், பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்புக்கு இருட்டிலேயே எழுந்து ஓட வேண்டும். என் பாட்டி அப்படி ஓடியவர். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு மரம். முப்பது பாகைச் சரிவில் பட்டையை மட்டும் சீவ வேண்டும், மரத்தைக் காயப்படுத்தக் கூடாது. மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் அந்த முறையைச் செம்மைப்படுத்தியவர் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் ஹென்றி ரிட்லி. அதை வாழ்நாள் முழுக்க, மழை நாள் தவிர ஒவ்வொரு நாளும், கையால் செய்தவர்கள் பாட்டியைப் போன்றவர்கள். செக்ரோல் என்னும் ஆள்பதிவேட்டில் பாட்டியின் பெயர் இருந்தது. கிராண்டு என்று நாங்கள் சொல்லும் நிலப்பட்டாவில் அந்தப் பெயர் ஏற எந்த வழியும் இருக்கவில்லை.

மார்க்கமின் மற்றொரு அட்சரேகைக்கு வருகிறேன்.

1893-இல் அவர் லண்டன் அரச புவியியல் கழகத்தின் தலைவரானார். ஆனவுடனே அண்டார்டிக்காவுக்குப் பிரிட்டிஷ் பயணம் ஒன்றை அனுப்பியே தீருவது என்று இறங்கினார். அண்டார்டிக்காவை அவர் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. ஆனாலும் அதை நான்கு கால்பங்குகளாகப் பிரித்து விக்டோரியா, ராஸ், வெட்டல், எண்டர்பி என்று பெயர் வைத்தார். ஸ்காட் என்ற இளம் கடற்படை அதிகாரியைத் தலைமைக்குத் தேர்ந்தெடுத்ததும் அவரே. 1901-இல் டிஸ்கவரி கப்பல் புறப்பட்டது. 1902 டிசம்பர் 30 அன்று ஸ்காட், ஷாக்கில்டன், வில்சன் மூவரும் தெற்கே 82 பாகை 17 கலையை எட்டித் திரும்பினார்கள். பல் ஈறு வீங்கும் ஸ்கர்வி நோய், பசி, ஷாக்கில்டனின் இருமலில் ரத்தம். இந்தக் கதை பல நூல்களில் இருக்கிறது, இங்கே வேண்டாம். திரும்பும் முன் தென்திசையில் கண்ட பெரிய மலைக்குத் தங்கள் புரவலரின் பெயரை வைத்தார்கள்.

அந்த மலை வழியாக ஓடும் வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர், நம் ஊர் வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு. அங்கே அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் தொடக்கம்வரை சூரியன் மறைவதே இல்லை. குளிர்காலத்தில் அதே அளவு காலம் எழுவதும் இல்லை. விதை முளைக்காத, கூலி ஆள் தேவைப்படாத இடம். அங்கே அட்சரேகை வேறு வேலை செய்தது: யார் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதை அளக்கும் எண்ணாக நின்றது. 1773-இல் கடலோடி குக் முதன்முதலாக அண்டார்டிக் வட்டத்தைக் கடந்தார். 1842-இல் ராஸ் 78 பாகையைத் தாண்டினார். பிறகு ஸ்காட்டின் 82, ஷாக்கில்டனின் 88, 1911 டிசம்பரில் அமுண்ட்செனின் 90. ஒவ்வொரு பாகையும் ஒரு நாட்டின் பெருமையாயிற்று.

ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மனம் கனக்கிறது. 1910 ஏப்ரலில் லண்டன் சந்தையில் ரப்பர் விலை ராத்தலுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டியது. பேராக்கின் காடுகள் வேகமாக அழிந்தன. திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு மாவட்டங்களில் கங்காணிகள் ஊர் ஊராக ஆள் சேர்த்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல்கள் நிரம்பின. அதே ஆண்டு ஜூனில் ஸ்காட்டின் கடைசிப் பயணத்துக்கான கப்பல் புறப்பட்டது. அந்தப் பயணத்தில் ஐந்து பேர் துருவத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் இறந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் இருக்கின்றன, சிலைகள் இருக்கின்றன, நாட்குறிப்புகள் இருக்கின்றன. அவர்களுடைய துணிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதே ஆண்டுகளில் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் தோட்டங்களில் இறந்த நம்மவர்களுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. ஒரே மனிதர் தொடங்கிவைத்த இரண்டு பாதைகளில் ஒன்றுதான் வரலாறாக எழுதப்பட்டது.

துருவத்தை எட்டிப்பிடிக்கும் போட்டி முடிந்ததும் அந்த நிலத்தைப் பங்குபோடும் போட்டி தொடங்கியது. பிரிட்டன் 1908-இலேயே உரிமை கோரியிருந்தது. பிறகு நியூசிலாந்துக்காக ராஸ் பகுதியையும் கோரியது. பிரான்ஸ், ஆஸ்திரேலியா, நார்வே, சிலி, அர்ஜென்டினா தொடர்ந்து வந்தன. பெரும்பாலான கோரிக்கைகள் கடலோரத்தில் அகலமாகத் தொடங்கித் துருவத்தில் கூராக முடிந்தன, தர்ப்பூசணியைக் கீற்றுப்போட்டாற்போல. மூன்று நாடுகளின் கீற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. மேற்கு 90 பாகைக்கும் 150 பாகைக்கும் நடுவே ஒரு பெருங்கீற்றை யாருமே கேட்கவில்லை. உலகில் எந்த நாடும் உரிமை கோராத மிகப் பெரிய நிலப்பரப்பு அதுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

1959 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனில் பன்னிரண்டு நாடுகள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. தென் அட்சரேகை 60 பாகைக்குக் கீழே உள்ள பரப்பெல்லாம் அமைதிக்கும் அறிவியலுக்கும் மட்டுமே. ராணுவ நடவடிக்கை கூடாது. அணுகுண்டு வெடிக்கக் கூடாது, அணுக்கழிவு கொட்டக் கூடாது. எந்த நாட்டின் தளத்துக்குள்ளும் இன்னொரு நாடு போய்ச் சோதிக்கலாம். பழைய உரிமைக் கோரிக்கைகள் அப்படியே உறையும். புதிதாக எழக் கூடாது. அந்த 60 பாகைக் கோடு ஓரிடத்திலும் நிலத்தைத் தொடுவதில்லை, முழுவதும் கடல்மேலேயே ஓடுகிறது. அண்டார்டிக் வட்டம் என்று பள்ளியில் படிக்கும் 66 பாகை 34 கலைக் கோடு பூமியின் அச்சுச் சாய்வைப் பொறுத்தது என்பதால், ஆண்டுக்குப் பதினான்கு மீட்டருக்கு மேல் துருவத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. மனிதர்கள் பேசி முடிவுசெய்த 60 பாகைக் கோடு நகரவில்லை. அட்சரேகையை இதைவிட மேலான வேலைக்கு யாரும் பயன்படுத்தியதில்லை என்று நம்புகிறேன்.

அந்தக் கையெழுத்து விழுந்தபோது இங்கே நிலைமை என்ன? 1948 ஜூன் 16 காலை சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் இன்னும் முடியவில்லை. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. நாடு சுதந்திரம் பெற்று இரண்டே ஆண்டுகள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுபோட்டு மறுபடி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அந்தத் தலைமுறை சொல்லும் கொடுமை இது. லயம் என்னும் தொழிலாளர் வரிசைவீட்டில் பிறந்து, லயத்திலேயே பிள்ளை பெற்று, அந்த மண்ணிலேயே பெற்றோரைப் புதைத்தவர்கள் ஒரு கடிதத்தில் வேலையையும் வீட்டையும் சேர்த்து இழந்தார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மனிதரே குடியிராத ஒரு கண்டத்தைத் துண்டாடக் கூடாது என்று உலகம் ஒப்புக்கொண்ட அதே பத்தாண்டில், மனிதர் குடியிருந்த நிலம் எந்தத் தடையும் இல்லாமல் துண்டாகிக்கொண்டிருந்தது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதை நான் எங்கும் படித்ததில்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

தோட்டத் துண்டாடலுக்கு எதிராக எழுந்தவரும் சுங்கை சிப்புட்காரரே. இங்கே 1919-இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்ப்பது, சேர்ந்த பணத்தில் விற்பனைக்கு வரும் தோட்டத்தைச் சங்கமே வாங்குவது, வேலை செய்தவர்கள் அங்கேயே தொடர்வது. சம்பந்தனும் அவர் துணைவியார் உமாவும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் கைக்கு வந்தது. அன்றைய கூலியில் பத்து வெள்ளி என்பது எவ்வளவு பெரிய தொகை என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதை எடுத்துக் கொடுத்தார்கள். துண்டாடல் முழுவதையும் சங்கத்தால் நிறுத்த முடியவில்லை. அந்தப் பத்து வெள்ளியை நான் வாஷிங்டன் கையெழுத்துகளுக்குச் சமமாகவே மதிக்கிறேன். நிலம் விற்பவன் வாங்குபவன் இருவரோடு முடிந்துபோகிற விஷயமல்ல என்ற எண்ணம் இரண்டுக்கும் அடியில் இருந்தது.

1982 செப்டம்பரில் மலேசியாவின் அப்போதைய பிரதமர் மகாதீர் ஐநா பொதுச்சபையில் அண்டார்டிக்காவைப் பேசுபொருளாக்கினார். யாரும் குடியிராத அந்த நிலம் சில பணக்கார நாடுகளின் கூட்டத்துக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது, மனிதகுலம் முழுவதற்கும் பொதுவாக வேண்டும் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே அது ஐநா நிகழ்ச்சி நிரலில் தனித் தலைப்பாயிற்று. இனஒதுக்கலைச் சட்டமாக வைத்திருந்த தென்னாப்பிரிக்கா உடன்படிக்கையின் பன்னிரண்டு நாடுகளில் ஒன்றாக உட்கார்ந்திருந்ததையும் மலேசியா விடாமல் எதிர்த்தது. இந்தியாவும் 1956-இல் இதே கேள்வியை ஐநாவில் எழுப்ப முயன்று பின்வாங்கியிருந்தது. 1983 ஆகஸ்டில் அது உடன்படிக்கையில் சேர்ந்தது, அடுத்த மாதமே வாக்குரிமையும் பெற்றது. இன்று அண்டார்டிக் வட்டத்துக்குள் மைத்ரி, பாரதி என்று இரண்டு நிலையங்களை நடத்துகிறது. மலேசியா வெளியிலேயே நின்று கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் குரலில் சத்தியம் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே நியாயத்தை உள்நாட்டில், தோட்டம் வீட்டுமனையாக மாறும்போது லயத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கும் நீட்டியிருக்க வேண்டும். நீட்டவில்லை. சுங்கை சிப்புட் தொகுதி 2008-இல் டாக்டர் ஜெயக்குமாரை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்ததற்கு, அப்படி வெளியேற்றப்பட்டவர்களோடு அவர் நீண்ட காலம் நின்றதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

மலேசியாவின் பிடிவாதம் மெல்லத் தளர்ந்தது. 1999 முதல் நியூசிலாந்தின் ஸ்காட் நிலையத்துக்கு நம் விஞ்ஞானிகள் போகத் தொடங்கினார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசிய அண்டார்டிக் ஆராய்ச்சி மையம் அமைந்தது. 2011 அக்டோபர் 31 அன்று மலேசியா உடன்படிக்கையில் சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு நல்லது நடந்திருந்தது. சுரங்கம் தோண்ட விதிமுறை வகுத்து 1988-இல் உருவான ஒப்பந்தத்தை ஆஸ்திரேலியாவும் பிரான்சும் ஏற்க மறுத்தன. 1991-இல் மாட்ரிட்டில் கையெழுத்தான நெறிமுறை அங்கே சுரங்கத்தையே தடைசெய்தது. அது நடைமுறைக்கு வந்தது 1998-இல். 2048-இல் தடை காலாவதியாகிவிடும் என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. வாக்குரிமையுள்ள எந்த நாடும் அதை மறுபரிசீலனை செய்யக் கோரலாம் என்பதே 2048-இன் பொருள். அப்படி வாக்குரிமையுள்ள நாடுகள் 29. மலேசியா அவற்றில் இல்லை. அங்கே கணிசமான ஆராய்ச்சி நடத்திக் காட்டினால்தான் அந்த இடம் கிடைக்கும்.

இது நமக்கு ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அந்த யாரும் கேட்காத கீற்றைக் காட்டுவேன். அங்கேதான் துவைட்ஸ் பனியாறு இருக்கிறது. பரப்பில் தீபகற்ப மலேசியாவைவிடப் பெரியது. வெதுவெதுப்பான கடல்நீர் அதை அடியிலிருந்து அரித்துக்கொண்டிருக்கிறது. அது முழுவதும் கடலில் சேர்ந்தால் உலகக் கடல்மட்டம் 60 சென்டிமீட்டருக்கு மேல் உயரும். அந்த உயர்வு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்காது. பெரும் பனித்திரள் தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி கரையக் கரைய அந்தப் பிடி தளர்ந்து நீர் விலகி ஓடும். ஆகவே அண்டார்டிக்காவை ஒட்டிய கரையில் கடல் இறங்கக்கூடும். தொலைவில் இருக்கும் வெப்பமண்டலக் கரைகளில் சராசரியைவிட அதிகமாக ஏறும். பேராக்கில் அந்தக் கரை பாகான் டத்தோ. நம்மவர்கள் தலைமுறைகளாகத் தென்னையும் செம்பனையும் பார்த்து வரும் தாழ்நிலம், மண் தடுப்புக்கரைகளை நம்பி நிற்கும் நிலம். துவைட்ஸ் இருக்கும் இடத்துக்கு எந்த நாட்டிடமும் பட்டா இல்லை. அங்கிருந்து வரும் நீருக்கும் யாரும் பொறுப்பேற்கப் போவதில்லை. 2048-இல் அந்தக் கண்டத்தைப் பற்றிப் பேச எந்த நாடு கூட்டத்தைக் கூட்டினாலும், பாகான் டத்தோவின் பெயரைச் சொல்ல அங்கே வாக்குரிமையோடு ஒரு மலேசியர் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கான ஆராய்ச்சிப் பணத்தை அரசு இந்தப் பத்தாண்டிலேயே ஒதுக்க வேண்டும். அதற்கான மாணவர்களைத் தமிழ்ப்பள்ளிகளும் அனுப்ப வேண்டும்.